பஞ்சு பார்க்கப் போன சண்டை

மாதுங்காவில் பஞ்சு என்றால் போதும். பஞ்சாபகேசன் என்ற முழுப் பெயர் டிராம்பே பக்கம் அவர் ஆயுசெல்லாம் குப்பை கொட்டிய கம்பெனி ஆபீசுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவர் விமர்சகர் பஞ்சு. உள்ளூர்த் தமிழ் மாத இதழ் ஒன்றில் கச்சேரி விமர்சனம் எழுதுகிறவர். அதற்குச் சம்பளம் கிடையாது. சபாவில் இரண்டாம் வரிசையில் ஓர் இருக்கை உண்டு, இடைவேளையில் ஒரு காபி உண்டு. அதற்கே மனிதர் பண்ணுகிற அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் விமர்சனம் செய்யும் முறை தனி. பாடகரின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். தொடையில் தாளம் போடும் கையைத்தான் பார்ப்பார். குரலை வைத்து எதையும் மூடி மறைத்துவிடலாம், கையை வைத்து முடியாது என்பது அவர் கட்சி. கை ஓர் இழை நழுவினாலும் பிடித்துவிடுவார், அடுத்த மாதம் அது அச்சில் வந்து நிற்கும். செம்பூரில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் ருக்கு ஒருமுறை ரயில்வே பாலத்தில் அவரை மறித்து, "கொஞ்சம் பாத்து எழுதுங்கோ மாமா, பாட்டு கத்துக்கற குழந்தைகள்லாம் படிக்கறா" என்று கெஞ்சினாள். 'பாடகி கேட்டுக்கொண்டதற்கிணங்கக் கொஞ்சம் பார்த்தே எழுதுகிறேன்' என்று ஆரம்பித்து அவளை ஒரு பத்தி முழுக்கக் கிழித்தார் மகானுபாவர்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கினாரோ இல்லையோ, பஞ்சு எழுந்து கேன்டீனுக்குப் போய்விடுவார். போண்டாவை முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு அவர் திரும்பவும், தனி முடியவும் சரியாக இருக்கும். மங்களம் பாடும்போது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். விமர்சனத்தில் பாதி, கச்சேரிக்குக் கிளம்பும் முன்பே மனதில் எழுதி முடிந்திருக்கும். ராகங்களின் பெயரை நிரப்ப வேண்டியதுதான் பாக்கி.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த ஒரே பெண் ஸ்மிதா. வயது இருபத்தாறு, ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. சாயங்காலமானால் ஹார்பர் லைன் ரயில் பிடித்துச் செம்பூருக்குப் போவாள். அங்கே ஷாகிர் என்கிற தாராவிக்காரன் ஒரு பயிற்சிக்கூடம் நடத்துகிறான். குத்து, உதை, மல்யுத்தம், கழுத்துப்பிடி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிய சண்டை அங்கே சொல்லித்தரப்படுகிறது. எம்.எம்.ஏ. என்று பெயர். எட்டு மூலைக் கம்பிக் கூண்டுக்குள் இரண்டு பேரை விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். உடம்பு இளைக்கத்தான் போகிறேன் என்று முதலில் சொன்னாள். பிறகு சும்மா ஒரு போட்டி என்றாள். போன வருஷம் தொழில்முறைச் சண்டைக்காரி ஆகிவிட்டாள். முதல் சண்டையில் ஜெயித்துவிட்டு, ஒரு கண்ணைச் சுற்றிக் கத்தரிக்காய் நிறத்தில் வீக்கத்தோடு வீட்டுக்கு வந்து நின்றாள்.

"ஏன்னா, ஊரார் பொண்ணுக்கெல்லாம் சுருதி சேரலைன்னு எழுதறேளே, நம்மாத்துப் பொண்ணு மூஞ்சியை வந்து பாருங்கோ" என்றாள் பாகீரதி. பஞ்சுவின் மனைவி. அன்று முதல் வீட்டில் தினம் இதே பேச்சுதான். அழுகை, பட்டினி, குலதெய்வத்துக்கு முடிந்துவைத்த மஞ்சள் துணி என்று எல்லாம் ஆயிற்று. கடைசியில் ஸ்மிதாவே ஒரு வழி சொன்னாள்.

"அப்பா, நீ வந்து ஒரு தடவை பாரு. முதல் சண்டைலேர்ந்து கடைசி வரைக்கும் முழுசா உக்காந்து பாரு. பாத்துட்டு, நிறுத்துன்னு நீ சொன்னா அன்னியோட நிறுத்திடறேன். உனக்குப் பிடிக்காததை நீ எழுதுவே. ஆனா பொய் எழுத மாட்டே. அந்த நம்பிக்கைலதான் சொல்றேன்."

பஞ்சு ஒத்துக்கொண்டார். பாகீரதிக்கு நிம்மதி. புருஷன் என்ன எழுதுவார் என்று அவளுக்குத் தெரியாதா? பஞ்சுவுக்கும் தெரியும். 'நிறுத்து' என்ற ஒரு வார்த்தை தயாராகவே இருந்தது. அதற்கு முன்னால் நாலு வரி அலங்காரம் வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் கோரேகாவ் பக்கம் ஒரு பெரிய அரங்கு. வாசலில் பையைத் தடவிப் பார்த்து, மணிக்கட்டில் காகிதப் பட்டை ஒட்டி உள்ளே அனுப்பினார்கள். கலர் விளக்கும் பாட்டுச் சத்தமுமாகக் காது அடைத்தது. பஞ்சு வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூண்டுக்குப் பக்கத்தில் பயிற்சியாளர், சண்டைக்காரர் வீட்டாருக்கு ஒதுக்கிய நாற்காலியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தார். அடுத்த நாற்காலியில் வெள்ளைத் தொப்பியும் அத்தர் மணமுமாக ஒரு பெரியவர்.

"ஸ்மிதா அப்பாவா? வாங்க சார். நான் ஷாகிரோட வாப்பா, ஜெயினுலாப்தீன்" என்றார் அவர். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். பேச்சில் திருநெல்வேலி அப்படியே இருந்தது. "நீங்க வந்தது நல்லதாப் போச்சு. உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா?"

"ஏன் கேக்கறேள்?"

"நான் பாக்க மாட்டேன் சார். எம் மவன் சண்ட போட்ட காலத்துலேருந்து பழக்கம். பெல்லடிச்சா கண்ண மூடிக்கிடுவேன். பக்கத்துல இருக்கவுங்க சொன்னா கேட்டுக்கிடுவேன்."

"பின்னே எதுக்கு இவ்வளவு தூரம் வரேள்? ஆத்துலயே இருக்கலாமே."

"வீட்ல இருந்தா இதவிட மோசமால்லா இருக்கும்" என்றார் ஜெயினுலாப்தீன். அப்போதே மணி அடித்தது. சொன்ன மாதிரியே மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

முதல் சண்டையில் இரண்டு பையன்கள். பஞ்சு டி.வி.யில் இந்தக் கண்றாவியைச் சானல் மாற்றும்போது பார்த்திருக்கிறார். ஆனால் டி.வி.யில் இந்தச் சத்தம் வராது. ஒருவன் காலெலும்பு மற்றவன் தொடையில் விழுந்ததும், ஈரத் துணியைக் கல்லில் அறைந்த மாதிரி ஒன்று கேட்டது. பஞ்சுவின் தொடை தானாகவே இழுத்துக்கொண்டது. "என்ன சார், என்ன ஆச்சு?" என்று பக்கத்திலிருந்து கேள்வி. "தொடையில் ஓர் உதை" என்றார் பஞ்சு, தன் அச்சு நடையிலேயே. "எந்தத் தொட? அவன் நிக்கானா, விழுந்துட்டானா? சும்மா ஒரு வார்த்தையில சொன்னா எப்படி சார்?"

வேறு வழியில்லாமல் பஞ்சு விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். விவரமாகச் சொல்ல வேண்டுமானால் பார்க்க வேண்டும். பார்க்கப் பார்க்க, அடிப்பதைவிட அடி வாங்காமல் நகர்வதுதான் பெரிய வித்தை என்பது மெல்லப் புலப்பட்டது. மூன்று சுற்று முடிந்து, ஜெயித்தவன் கை தூக்கப்பட்டதும் ஒரு காரியம் செய்தான். மூக்கில் ரத்தம் வழியத் தரையில் உட்கார்ந்திருந்த தோற்றவனுக்குப் பக்கத்தில் போய்த் தானும் உட்கார்ந்து, அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். "இப்ப என்ன செய்யுதாங்க?" என்றார் ஜெயினுலாப்தீன். "கட்டிண்டு உக்காந்திருக்கா" என்று அச்சு நடை மறந்து சொன்னார் பஞ்சு.

மூன்றாவது சண்டையில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சுற்றிச் சுற்றி வந்தார்களே தவிர, தொடவே இல்லை. பஞ்சுவுக்குள் பழைய விமர்சகர் விழித்துக்கொண்டார். நீண்ட ஆலாபனை, உருப்படி ஒன்றுமில்லை என்று தீர்ப்பெழுதினார். அது முடிந்து அடுத்த ஜோடியை அறிவித்ததும் வயிறு ஞாபகப்படுத்தியது. இவர்களும் இப்படி ஒரு சுற்றாவது சுற்றுவார்கள், அதற்குள் வந்துவிடலாம் என்று எழுந்தார். கேன்டீனில் வடா பாவ் வாங்கிக் காகிதத்தைப் பிரிக்கும்போது அரங்கமே இடிந்து விழுந்த மாதிரி ஒரு கூச்சல்.

ஓடி வந்து பார்த்தால், எருமை மாதிரி இருந்த ஆள் கூண்டுக்குள் மல்லாந்து கிடக்கிறான். டாக்டர் அவன் கண்ணில் டார்ச் அடிக்கிறார். எதிராளி கூண்டுக் கம்பி மேல் ஏறி உட்கார்ந்து அழுகிறான். சண்டை முடிந்துவிட்டது. தொடங்கிய மூச்சிலேயே முடிந்துவிட்டதாம். ஜெயினுலாப்தீன் இன்னும் கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார், பாவம்.

"சார், இவ்வளவு கத்துதாங்க, நீங்க ஒண்ணுமே சொல்லலியே. என்ன ஆச்சு?"

பஞ்சு கையில் வடா பாவோடு நின்றார். ஊரில் எந்தக் கச்சேரியைப் பற்றிக் கேட்டாலும், போகாத கச்சேரியானாலும், பதில் வைத்திருப்பவர் அவர். "தெரியலை" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து பாகீரதிகூடக் கேட்டதில்லை. ஒரு மனுஷனின் மாதக்கணக்கான உழைப்பு, அவர் வடா பாவ் காகிதத்தைப் பிரித்த நேரத்துக்குள் அரங்கேறி முடிந்துவிட்டது. ஸ்மிதாவின் சண்டையும் இப்படி முடிந்திருந்தால்? வடா பாவைக் காகிதத்தோடு சுருட்டி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். அதற்கப்புறம் அசையவில்லை.

அடுத்த சண்டையில்தான் அதைப் பார்த்தார். இரண்டு பேர் தரையில் புரண்டார்கள். ஒருவன் மற்றவனின் கையைத் தன் இரண்டு தொடைக்கும் நடுவே சிக்கவைத்து, முழங்கையைப் பின்பக்கமாக வளைத்தான். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் எலும்பு போய்விடும். கீழே கிடந்தவன் மிச்சமிருந்த கையால் எதிராளியின் காலில் மெதுவாகத் தட்டினான். தூங்குகிற குழந்தைகூட எழுந்திருக்காது, அவ்வளவு மெதுவான தட்டு. அந்தக் கணமே பிடி விட்டுப்போயிற்று. அதுவரை கொலைவெறியோடு இருந்தவன் எழுந்து, கை கொடுத்து அவனைத் தூக்கிவிட்டான்.

பஞ்சு நடந்ததை அப்படியே சொன்னார். "தட்டிட்டானா?" என்றார் ஜெயினுலாப்தீன் சாதாரணமாக. "தட்டினா தோல்விய ஒத்துக்கிட்டான்னு அர்த்தம், விட்டுரணும் சார். அவ்வளவுதான்." பஞ்சுவுக்கு அது சாதாரணமாகப் படவில்லை. உள்ளே மிருகமாய் நின்ற ஒருவனை ஒரு விரல் தட்டு நிறுத்துகிறதே, இது என்ன கட்டுப்பாடு, இதை யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அவர் மலைத்துப்போனார். சாகித்தியத்தையும் சங்கீதத்தையும் தின்று வளர்ந்ததாகச் சொல்லிக்கொள்ளும் சபாவில் அவர் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஸ்மிதாவின் பெயரை அறிவித்தார்கள். முகத்தில் தடவிய வாசலின் களிம்பு மினுங்க, கூந்தலை இறுக்கிப் பின்னி, அவள் நடந்து வந்தாள். கரப்பான் பூச்சியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறும் பெண். அதே பெண் கூண்டுக் கதவில் நின்று, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். கச்சேரி மேடையில் ஏறுகிறவர்கள்கூட இத்தனை அடக்கமாக ஏறிப் பார்த்ததில்லை என்று பஞ்சுவுக்குத் தோன்றியது. எதிரே சாதனா, சாத்தாரா பக்கத்து மல்யுத்தக்காரி, தோள் இரண்டும் தேக்குக் கட்டை.

மணி அடித்தது. "சார், விடாமச் சொல்லுங்க" என்று பஞ்சுவின் கையைப் பிடித்துக்கொண்டார் ஜெயினுலாப்தீன். யார் யாருக்குத் தைரியம் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது.

முதல் சுற்று ஸ்மிதாவுடையது. சாதனா பாயும் ஒவ்வொரு முறையும் அவள் அங்கே இல்லை. விலகினாள், குத்தினாள், மறுபடி விலகினாள். பஞ்சு தன் பெண்ணின் காலையே பார்த்தார். அது தரையைத் தொட்ட இடமெல்லாம் கணக்காக இருந்தது. அவர் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் "பேஷ்" என்று ஒரு வார்த்தை நழுவியது. அவர் வாயிலிருந்து பேஷ் வாங்கச் சபாவில் வித்வான்கள் தலைகீழாக நின்றும் கிடைத்ததில்லை.

இரண்டாவது சுற்றில் சாதனா அவளைத் தூக்கித் தரையில் போட்டாள். பஞ்சுவுக்கு உயிர் போய்த் திரும்பியது. ஆனால் ஸ்மிதா பாம்பாக நழுவிப் பின்பக்கம் போய், சாதனாவின் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுவிட்டாள். நடுவர் அவர்களுக்கு அந்தப் பக்கம் முழந்தாளிட்டுக் குனிந்து சாதனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய திரையிலும் அந்தப் பக்கத்துக் காமிராதான். பஞ்சு மட்டும் வழக்கம்போல் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார். சாதனாவின் இடது கை பின்னால் வந்து, ஸ்மிதாவின் இடது தோளில் இரண்டு முறை தட்டியது. சுத்தமாக, சந்தேகமில்லாமல் இரண்டு தட்டு.

ஸ்மிதா பிடியை விட்டாள்.

நடுவர் பார்க்கவில்லை. பிடி நழுவிவிட்டது என்று நினைத்து, தொடரும்படி கை காட்டினார். "ஏன் விட்டே?" என்று கூண்டின் அந்த மூலையிலிருந்து ஷாகிர் இந்தியில் அலறினான். ஸ்மிதா ஒரு கணம் நடுவரைப் பார்த்தாள். அதற்குள் சாதனா மூச்சை இழுத்துக்கொண்டு மேலே பாய்ந்துவிட்டாள்.

"தட்டினா. அவ தட்டினா, இவ விட்டா. நான் பாத்தேன்" என்று எழுந்து நின்றுவிட்டார் பஞ்சு. வேஷ்டி அவிழ்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. ஜெயினுலாப்தீன் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, சுற்று முடிந்து மணியடிப்பதற்கு முன்னால் கண்ணைத் திறந்தார். அவர் பார்த்தபோது ஸ்மிதா அடியில் கிடந்தாள்.

மூன்றாவது சுற்று முழுக்க அந்தத் தேக்குக் கட்டைத் தோள்தான் மேலே இருந்தது. மதிப்பெண் போடும் மூவரில் இருவர் சாதனாவுக்குக் கொடுத்தார்கள். தன் கை தூக்கப்பட்டதும் சாதனா சிரிக்கவில்லை. நேரே ஸ்மிதாவிடம் போய், அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டம் அதைப் பெருந்தன்மை என்று கைதட்டியது. அது என்னவென்று பஞ்சுவுக்குத் தெரியும்.

அவர் நடுவர்களைத் தேடிக்கொண்டு போனார். ஒரு காவலாள், பட்டையின் நிறம் சரியில்லை என்று தடுத்துவிட்டான். ஸ்மிதா வெளியே வந்ததும் முதலில் கேட்டது, "நடுவுல எழுந்து போனியா?" என்பதுதான். "ஒண்ணே ஒண்ணுக்கு" என்றார் பஞ்சு. "இனிமே கடைசி வரைக்கும் இருக்கேன்." சொன்னபடி இருந்தார். கடைசிச் சண்டை முடிந்து, கூண்டைக் கழற்றுகிறவர்கள் ஸ்பேனரோடு வந்த பிறகுதான் எழுந்தார்.

மறுநாள் காலை. ஸ்மிதா கன்னத்தில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். பாகீரதி காபியை டக்கென்று வைத்தாள். "தோத்துட்டும் வந்தாச்சு. சொல்லுங்கோ. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ."

ஸ்மிதா அப்பாவைப் பார்த்தாள். "சொல்லுப்பா. சொன்னா சொன்னதுதான்."

பஞ்சு காபியைத் தொடவில்லை. "ரெண்டு தட்டு. உன் இடது தோள்ல" என்றார்.

ஐஸ் பை கன்னத்திலிருந்து இறங்கியது. "நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"யாருமே பாக்கலைப்பா. ஷாகிர் பாயே நம்பலை. தோத்துட்டுச் சாக்கு சொல்றேன்னு நினைக்கறார். ராத்திரி பூரா நானே சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டேன், எனக்கே அப்படித் தோணிடுத்தோன்னு." அவள் கண் நிறைந்துவிட்டது. அடி வாங்கியபோதெல்லாம் வராத கண்ணீர்.

"நடுவர்தான் பாக்கலையே. பிடிச்சுண்டே இருந்திருந்தா ஜெயிச்சிருப்பியேடி."

"தட்டினா விடணும்ப்பா. நடுவர் பாக்கறது அவர் வேலை. விடறது என் வேலை. அவளையும் தப்பு சொல்ல மாட்டேன். மூச்சு முட்டறப்போ கை தானாத் தட்டும், அப்பறம் அவளுக்கே ஞாபகம் இருக்காது."

பஞ்சு தன் பெண்ணைப் பார்த்தார். தான் பெற்றதுதானா இது என்றிருந்தது. அந்த இடத்தில் தாம் இருந்திருந்தால் விட்டிருப்போமா என்று கேட்டுப் பார்த்தார். ரயில்வே பாலத்தில் நின்ற ருக்குவின் முகம்தான் வந்தது.

"ஊமைக்கோட்டானாட்டமா உக்காந்திருந்தா எப்படி? நிறுத்துன்னு சொல்லுங்கோ" என்றாள் பாகீரதி.

அவர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். ஸ்மிதாவின் பின்னால் நின்று, கையை நீட்டி, அவளுடைய இடது தோளில் மெதுவாக இரண்டு முறை தட்டினார்.

"இது என்ன கூத்து, வாயைத் திறந்து சொல்லுங்கோளேன்" என்றாள் பாகீரதி.

ஸ்மிதா தோள்மேல் இருந்த அந்தக் கையைத் தன் கையால் மூடிக்கொண்டாள். "அப்பா தட்டிட்டார்ம்மா" என்றாள். "நான் அவரை விட்டுட்டேன்."